மே மாத மொட்டைமாடிக்கு எந்தப் பழம்?

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால், ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் சென்னை காசிமேட்டுத் துறைமுகத்தில் கயிறு கட்டி நிற்கும். மொத்தம் 61 நாள். என் நாத்தனார் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். வருஷத்தில் அவர் தொடர்ந்து வீட்டில் தூங்குவது இந்த இரண்டு மாதம்தான். அதனால் பிறந்தநாள், கல்யாணநாள் என்று தள்ளிப்போட்டதெல்லாம் இந்த நாட்களில் வந்து சேரும். ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடி கொஞ்சம் பெரியது, சாயந்தரம் கடல்காற்றும் வரும். மே மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது, இருபத்திரண்டு பேர் மேலே ஏறிவிடுவார்கள். பிரியாணி, மீன் வறுவல் எல்லாம் அவர்கள் பாடு. குடிக்க ஜில்லென்று ஒன்றும், கடைசியில் இனிப்பாக ஒன்றும் என் பொறுப்பு.

போன வருஷம் ஃபோனில் படம் பார்த்து மயங்கி, ஸ்ட்ராபெர்ரியில் எல்லாம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சிவப்பாக ஒரு காக்டெயில், அதே பழத்தில் ஜெல்லியும் க்ரீமும். ஆன்லைனில் வாங்கிய பத்து டப்பாவில் மேல் வரிசை மட்டும் சிவப்பு, அடியில் இருந்ததெல்லாம் தோள்பட்டை வெளுத்த பழம். ஜெல்லி ஃபிரிட்ஜில் அழகாகத்தான் உறைந்தது. மூன்று மாடி ஏற்றி, கேக் வெட்டி, பாட்டுப் பாடி முடிப்பதற்குள் தட்டில் சிவப்புத் தண்ணீர். "இன்னா அண்ணி, இது சாப்புடறதா குடிக்கறதா?" என்று நாத்தனார் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

அதனால் இந்த வருஷம் உட்கார்ந்து யோசித்தேன். சமையல் குறிப்பைத் தேடுவதற்கு முன்னால் பழத்தைத் தேட வேண்டும். பழத்துக்கும் முன்னால் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க வேண்டும். எங்களுடையது ஒற்றைக் கதவு. கரண்ட் ஒரு மணி நேரம் போனால் மேலே ஐஸ் தட்டு கண்ணீர் விட ஆரம்பித்துவிடும். வெளிநாட்டுக் கோடைக்காலக் குறிப்புகளில் கோடை என்றால் இருபத்தைந்து டிகிரி. நமக்குக் கத்திரி வெயில். இரண்டுக்கும் ஒரே பண்டம் சரிவராது.

முதலில் ஸ்ட்ராபெர்ரியையே எடுத்துக்கொள்கிறேன், ஆசை அதில்தானே தொடங்கியது. மகாபலேஷ்வரிலிருந்தும் ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்தும் வருகிறது. குளிர்காலப் பயிர். ஜனவரி, பிப்ரவரியில் பாரிமுனையில் தள்ளுவண்டியில்கூடக் குவித்து வைத்திருப்பார்கள். அப்போது வாங்கினால் வாசனை தெருமுனை வரை வரும். மே மாதத்தில் கிடைப்பது மிச்சமும் மீதியும். இன்னொன்று, ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம் மாதிரி வைக்கோலில் வைத்துக் காத்திருக்க முடியாது. வெளுப்பாக வந்தது வெளுப்பாகவே அழுகும். நறுக்கிச் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்தால் தானாகத் தண்ணீர் விட்டுச் சாறு இறங்கும், சுமாரான பழத்தையும் அது கொஞ்சம் தேற்றும். ஆனால் வாசனையைச் சர்க்கரையால் கொண்டுவர முடியாது.

பிப்ரவரியிலேயே வாங்கி, காம்பு கிள்ளி, தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் போட்டு மே வரை வைக்கலாம் என்பார்கள். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம். உறைந்த பழமே ஐஸ் வேலையும் பார்க்கும், பானம் நீர்த்துப்போகாது. எங்கள் ஃபிரீசரில் பாதி இடம் அத்தையின் மீன் குழம்புக்கு. அதில் நான் கை வைக்க முடியாது.

ப்ளூபெர்ரி பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இறக்குமதிப் பழம். உள்ளங்கை அளவு டப்பா ஒன்றின் விலையில் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கி, மிச்சத்தில் சோடாவும் வாங்கலாம். கேக் மேலே பத்துப் பழம் வைக்க வேண்டுமென்றால் சரி. மல்பெரி, அதாவது முசுக்கட்டை, வெயில் தொடங்கும்போது கிடைக்கிற நல்ல பழம். யார் வீட்டுத் தோட்டத்திலாவது மரம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். கடையில் தேடினால் கிடைக்கும் நாளில் கிடைக்கும், நம்பி இருபது பேரைக் கூப்பிட முடியாது. கைபட்டாலே கசிகிற பழம் அது.

நாவல்தான் எனக்கு மனசுக்குள் முதல் இடம். கறுப்பு ராஸ்பெரி, ப்ளாக்பெர்ரி என்று அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடும் அந்தக் கருஞ்சிவப்பு நிறமும் துவர்ப்பும் நமக்கு நாவலில் இருக்கிறது. பானத்துக்குத் துவர்ப்பு வேண்டும். வெறும் இனிப்பு இரண்டு மடக்கில் திகட்டிவிடும். நாவல் சாற்றில் கொஞ்சம் காலா நமக் போட்டால் துவர்ப்பு அடங்கும். தங்கசாலைத் தெருவில் எந்த மளிகைக் கடையிலும் அந்த உப்பு கிடைக்கும். எலுமிச்சை பிழிந்தால் இன்னொரு வேடிக்கை: ஊதா நிறம் கண்ணெதிரில் சிவப்பாக மாறும். அதே சாற்றில் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நீலம், பச்சை என்று ஓடும். பிள்ளைகளை அரை மணி நேரம் உட்கார வைக்க இது போதும் (சோடா போட்டதைக் குடிக்க விடாதீர்கள், சகிக்காது). ஒரே ஒரு குறை, நாவல் ஜூன் பிறந்தால்தான் வண்டியில் வரும். மே நடுவில் எனக்கு அது கிடையாது.

மிச்சமிருப்பது பன்னீர் திராட்சை. "இது பெர்ரியா?" என்று கேட்பவர்களுக்கு: தாவரவியல் கணக்கில் இதுதான் பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லை. அதே கணக்கில் கத்தரிக்காயும் தக்காளியும் பெர்ரிதான், அதை வைத்து இனிப்பு செய்யச் சொல்லிவிடாதீர்கள். பன்னீர் திராட்சை தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அங்கே வருஷம் முழுக்கக் காய்ப்பு உண்டு என்பதால் மே மாதம் பஞ்சம் வராது. எம்.சி. ரோட்டிலும் ராயபுரம் மார்க்கெட்டிலும் வண்டி வண்டியாக நிற்கும். விதை உண்டு, தோல் தடிப்பு, சும்மா சாப்பிட விதையில்லாத பச்சைத் திராட்சைதான் சுகம். சாறு என்று வந்தால் பச்சைத் திராட்சை இதன் கிட்டேகூட வர முடியாது. அந்த ரோஜா வாசனை, அந்த நிறம், புளிப்பும் கூடவே.

சென்னையில் எத்தனையோ வீடுகளில் விருந்தாளி வந்தால் வேகவைத்துக் கொடுக்கும் கிரேப் ஜூஸ் இதுதான். நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன்: மிக்ஸியில் போடாதீர்கள். விதை உடைந்தால் கசப்பும் காரலும் இறங்கிவிடும், எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அடியில் நிற்கும். காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீர் விட்டு மிதமான தீயில் வையுங்கள். எட்டுப் பத்து நிமிஷத்தில் தோல் வெடித்துச் சுருங்கும், பாத்திரத்தில் ஓரமாக ரோஸ் நுரை கட்டும். அப்போது அணைத்துவிட்டு மத்தால் மெதுவாக மசித்து வடிகட்ட வேண்டும். தோலை மறுபடி மறுபடி பிழிந்தால் துவர்க்கும். சர்க்கரையைச் சூட்டோடு கரைத்துவிட்டு, ஆறிய பிறகு எலுமிச்சை.

இனி அதை எப்படிக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். காக்டெயில் குறிப்புகளில் இந்தப் பழங்களோடு ஒத்துப்போவது இரண்டு வகை. ஒன்று டைகிரி. கியூபாவில் பிறந்தது, வெள்ளை ரம், எலுமிச்சை, சர்க்கரை, அவ்வளவுதான். பழத்தையும் ஐஸையும் சேர்த்து மிக்ஸியில் அடித்தால் பனிக்கூழ் மாதிரி வரும். நாலு பேருக்கு அருமை. இருபது பேருக்கு நான் செய்ய மாட்டேன். ஒரு ஜாரில் மூன்று டம்ளர்தான் வரும். ஏழாவது முறை அடிக்கும்போது முதல் டம்ளர் உருகித் தண்ணீராகியிருக்கும், மிக்ஸி மோட்டார் வாசனை அடிக்கும், நான் விருந்து முழுக்க சமையலறையில் நிற்பேன். மேலே ப்ளக் பாயின்ட் வேறு கிடையாது.

இன்னொன்று ப்ராம்பிள். 1980-களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற மதுபான நிபுணர் உண்டாக்கியது. உடைத்த ஐஸ் மேல் ஜின், எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, கடைசியில் மேலே ப்ளாக்பெர்ரி மதுவைச் சுற்றி ஊற்றுவார்கள். அது ஐஸ் நடுவே கோடு கோடாக இறங்கும். இதற்கு மிக்ஸி வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஐஸைத் துணியில் கட்டிப் பூரிக்கட்டையால் நாலு போடு போட்டால் போதும். ப்ளாக்பெர்ரி மதுவுக்குப் பதில் திராட்சைச் சாற்றைக் கெட்டியாகச் சுண்டவைத்து ஊற்றலாம். நாவல் காலமாக இருந்தால் நாவல் பாகுதான் இதற்கு அச்சு அசல்.

எனக்கு ப்ராம்பிள் வழி பிடித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் மாடியில் குடிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். மிச்சமெல்லாம் பெண்கள், பிள்ளைகள், அப்புறம் ஞாயிறு விரதம் இருக்கிற மாமா. டைகிரியில் ரம்மைக் கலந்துவிட்டால் அது கலந்ததுதான், ஜாடி மாறினால் தீர்ந்தது. ப்ராம்பிள் மாதிரி அடுக்கி ஊற்றுகிறபோது அடிப்படை எல்லோருக்கும் ஒன்றே: உடைத்த ஐஸ், எலுமிச்சை, சோடா, மேலே திராட்சைப் பாகு. வேண்டியவர் டம்ளரில் மட்டும் 30 மில்லி ஜின், அளவுக் குப்பியால் அளந்து. கண்ணால் அளக்க விட்டால் எங்கள் வீட்டில் 30 என்பது 90. இனிப்பும் சோடாவும் சேர்ந்தால் சாராயம் இருப்பதே நாக்குக்குத் தெரியாது, அதுதான் இதில் ஆபத்து. ஜின் எல்லா டாஸ்மாக்கிலும் இருக்காது, எலைட் கடையில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 21 வயது ஆகாதவனுக்கு ஊற்றக் கூடாது என்று சட்டம். பைக் சாவியை முதல் டம்ளருக்கு முன்னால் அத்தையிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். திருவொற்றியூர்க்காரர்கள் மெட்ரோவில் போகலாம், விம்கோ நகர் வரை ஓடுகிறது.

சோடா எது என்பதிலும் ஒரு சின்னச் சண்டை நடந்தது. பன்னீர் திராட்சையோடு பன்னீர் சோடா ஜோடி சேரும் என்றாள் நாத்தனார். ஒரு டம்ளர் கலந்து பார்த்தோம். ரோஜா மேல் ரோஜா. கல்யாண மண்டபத்து வாசலில் நிற்பது போல இருந்தது. வெறும் கோலி சோடாவே நல்லது.

ஐஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு அரை கிலோ என்று வைத்தால் இருபது பேருக்குப் பத்துக் கிலோ. எங்கள் ஃபிரிட்ஜ் ஒரு நாளுக்கு இரண்டு தட்டு போடும். எங்கள் ஏரியாவில் ஐஸுக்கு என்ன பஞ்சம், காசிமேட்டில் பார் பாராக அறுக்கிறார்களே என்று யாராவது சொல்வார்கள். அது மீனுக்குப் போடுகிற ஐஸ், டம்ளருக்குள் வரவே கூடாது. டம்ளருக்கு வெளியே அதைப் போல உதவி கிடையாது. பெரிய அன்னக்கூடையில் மீன் ஐஸைக் கொட்டி, மேலே இரண்டு கை கல்லுப்பு தூவி, சாறு ஜாடியையும் சோடா பாட்டில்களையும் மூடியோடு கழுத்து வரை புதைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் பல் கூசும். அப்படி முன்னாலேயே குளிர்ந்த பானத்துக்குக் குடிக்கும் ஐஸ் பாதிதான் செலவாகும். அந்தப் பாதியைச் சூப்பர் மார்க்கெட்டில் பையாக வாங்கிக்கொள்வேன். பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் துடைக்காமல் திறக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனிப்புக்கு வருகிறேன். இங்கே நான்கு யோசனை இருந்தது.

பெரம்பூரில் என்னோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய அக்கா ஒருவர் கிறிஸ்துமஸுக்கு ட்ரைஃபிள் செய்வார். கண்ணாடிக் கிண்ணத்தில் கேக், கஸ்டர்ட், ஜெல்லி, பழம், க்ரீம் என்று அடுக்கடுக்காக. சாப்பிட்டால் மறக்க முடியாது. ஆனால் அது டிசம்பர் பண்டம். அவ்வளவு பெரிய கிண்ணத்துக்கு ஃபிரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க வேண்டும், மேலே கொண்டு வந்ததும் பரிமாறிவிட வேண்டும். மே மாதம் அதைத் தொடுவது வீண் வேலை.

ஸ்ட்ராபெர்ரியும் அடித்த க்ரீமும், கூடவே நொறுக்கிய மெரிங்கும் சேர்ந்த ஈட்டன் மெஸ் அதைவிட மோசம். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம். எவ்வளவு அடித்தாலும் கெட்டியாக நிற்காது, அதற்குக் குறைந்தது 30 வேண்டும். நான் ஒரு மணி நேரம் கை வலிக்க அடித்துத் தெரிந்துகொண்டது இது. மெரிங் என்பது முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்துக் காயவைத்த அப்பளம் மாதிரி. நம் கடற்கரைக் காற்றில் உப்பு டப்பாவே கசிகிறது, மெரிங் எங்கே நொறுங்கும்?

மூன்றாவது, ஸ்ரீகண்ட். சௌகார்பேட்டையில் குஜராத்திக்காரர்கள் செய்கிற மாதிரி தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, சர்க்கரையும் ஏலக்காயும் குழைத்து, மேலே பழம். க்ரீம் ஆசைக்கு இது நல்ல மாற்று. வெளியே தொங்கவிட்டால் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும், ஃபிரிட்ஜுக்குள்ளேயே வடிகட்டியில் வைத்து வடிக்க வேண்டும். பத்துப் பேருக்குள் என்றால் நான் இதையே செய்வேன், கையில் கிடைக்கிற நாலு நல்ல ஸ்ட்ராபெர்ரியை இதன் மேல் வைப்பேன். இருபது பேருக்கு மூன்று நாலு லிட்டர் தயிர் வடிக்க இடமில்லை.

நான்காவது, கடல்பாசி, அதாவது அகர் அகர். மண்ணடியிலும் ராயபுரத்திலும் நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்வார்கள், இளநீரில், பாலில், ரோஸ் நிறத்தில். எதிர்வீட்டு ஆபா ஒரு தட்டு கொடுத்தனுப்பிய அன்றுதான் எனக்குப் பொறி தட்டியது: வெயிலில் ஒரு மணி நேரம் மேடையில் கிடந்த துண்டு, முனை மழுங்காமல் அப்படியே இருந்தது. விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டினில் செய்த ஜெல்லி நம் உடம்புச் சூடு வருவதற்கு முன்பே உருகிவிடும். கடல்பாசி 35, 40 டிகிரிக்கு ஆறும்போதே உறையத் தொடங்கும், உறைந்தது மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். அந்தச் சூடு எந்தக் கத்திரியிலும் வராது. போன வருஷத்து என் தட்டுக்கு இதுதான் பதில். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் கேள்வியில்லை.

செய்கிறபோது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். 10 கிராம் கடல்பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் கரையும் வரை காய்ச்சுங்கள். சர்க்கரை அப்போதே. திராட்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது ஊற்றிக் கொதிக்கவிட்டால் அந்தப் புளிப்பில் கடல்பாசி வலுவிழந்து சரியாக உறையாது. இறக்கிய பிறகு 400 மில்லி சாறு. அந்தச் சாறும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது மாதிரி சில்லென்று இருக்கக் கூடாது. இருந்தால் பட்ட இடத்தில் உடனே உறைந்து நூல் நூலாகத் திரியும். வெதுவெதுப்பாக ஊற்றிக் கலக்கித் தட்டில் விட்டால் கண்ணாடி மாதிரி வரும். ஒத்திகை பார்த்தபோது அத்தை ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னாம்மா, ஜன்னல் கண்ணாடி மாரி கீது" என்று சொல்லிவிட்டு இரண்டாவது துண்டு எடுத்தார். இருபது பேருக்கு இதே அளவில் இரண்டு தட்டு.

ஆக, சனிக்கிழமை காலை எம்.சி. ரோட்டில் ஐந்து கிலோ பன்னீர் திராட்சை. கிலோவுக்கு அரை லிட்டருக்கு மேல் சாறு வரும். கடல்பாசிக்கு 800 மில்லி போக மிச்சம் பானத்துக்கு, இரண்டாவது சுற்று கேட்பவர்களுக்கும் சேர்த்து. ஒரு பங்கை மட்டும் பாகாகச் சுண்டவைப்பேன், மேலே கோடு விட. எலுமிச்சை பதினைந்து. பள்ளிக்கூட வாசலில் அரிநெல்லி விற்கிற பாட்டியிடம் ஒரு படி வாங்கி, உப்பு மிளகாய்த்தூளோடு தனியாக ஒரு கிண்ணத்தில் வைப்பேன். ஜின் குடிப்பவர்களுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. ஸ்ட்ராபெர்ரி, கேக் வெட்டுகிற பிள்ளை கேட்டதால் ஒரே ஒரு டப்பா, கேக் மேல் வைக்க மட்டும்.

நாவலை மட்டும் மனசு விடவில்லை. அது வண்டியில் குவியும்போது தடைக்காலம் முடிந்து படகு போய்விடும். நாத்தனாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "நீ காய்ச்சி ஒரு பாட்டில்ல வை அண்ணி. அவரு மொத ட்ரிப்பு முடிச்சு எறங்கறன்னிக்கு நம்ம ரெண்டு வூடு மட்டும் மாடியில குடிக்கலாம்" என்றாள். மீன் குழம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் இடம் கேட்டு அத்தையிடம் பேச்சுவார்த்தை நடக்கிறது.